டிசம்பர் பணம் மார்ச் வரைக்கும் வேண்டும்

களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில், கேரள எல்லையை ஒட்டிய ஊர் எங்களுடையது. இந்தப் பக்கத்தில் கிறிஸ்துமஸுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஓணத்துக்கு போனஸ் வரும். நாகர்கோவில் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்குத் தீபாவளிக்கு வரும். டிசம்பர் பிறக்கும்போது இரண்டும் கரைந்திருக்கும். 2011 கணக்கெடுப்பின்படி எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏறக்குறைய 47 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். இத்தனை வீடுகளுக்குப் பெரிய பண்டிகை இதுதான், ஆனால் இதற்கென்று தனியாக வருகிற பணம் எதுவும் கிடையாது.

எங்கள் வீட்டில் இது இன்னும் கொஞ்சம் சிக்கலானது. நான் தையல் வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டுகிறார், கொஞ்சம் சொந்த மரம், மீதி குத்தகை. இரண்டு தொழிலுக்கும் டிசம்பர்தான் நல்ல மாதம். அக்டோபர், நவம்பர் மழையில் பல நாள் வெட்டு நடக்காது. மழை விட்டு விடியற்காலைக் குளிர் வந்ததும் பால் நன்றாக வடியும். எனக்கும் கிறிஸ்துமஸ் துணி தைக்கக் கூட்டம் வரும். கையில் காசு புரள்வதைப் பார்க்கும் சொந்தக்காரர்கள் ‘இவங்களுக்கு என்ன குறை’ என்று நினைப்பார்கள். ஜனவரி முடியும்போது ரப்பர் இலை உதிரத் தொடங்கும். புதுத் தளிர் வந்து முற்றும்வரை பால் குறைவு. பிப்ரவரி, மார்ச்சில் பலரும் வெட்டை நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுத்துவிடுவார்கள். தையலும் அப்போது மந்தம்தான். மே மாதம் பள்ளிச் சீருடை வரும்வரை ரவிக்கையும் ஆல்ட்டர் வேலையுமாகத்தான் ஓடும்.

அதனால் டிசம்பரில் கைக்கு வரும் பணம் டிசம்பருக்கு மட்டுமானது இல்லை. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் மாமி, வீட்டுக்காரருடைய அம்மா. மாமி முந்திரி ஆலையில் கொட்டை உடைத்தவர். தோட்டெண்ணெய் பட்டுக் கறுத்த விரல்கள் அவருக்கு. டிசம்பர் கூலி வந்ததும் முதலில் பிப்ரவரிக்கு அரிசியும் கருவாடும் வாங்கி வைத்துவிட்டுத்தான் பலகாரத்துக்கு வெல்லம் வாங்குவார். நான் கல்யாணமாகி வந்த புதிதில் இது கஞ்சத்தனம் போலத் தோன்றியது. “மக்ளே, இலை விழும்போ யாரு தருவா?” என்று ஒரே கேள்விதான் கேட்டார்.

இப்போது அதையே நோட்டில் எழுதிச் செய்கிறோம். நவம்பர் 24 அன்று நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழாவுக்குக் கொடியேறும். டிசம்பர் 3 அன்று பெருவிழா, மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. செலவு காலம் எங்களுக்கு அங்கிருந்தே தொடங்கிவிடும். அதனால் அதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்காருவோம். மார்ச் 31 வரை கட்டாயம் கட்ட வேண்டியவற்றை முதலில் எழுதுவோம்: குழுக்கடன் தவணை, பிள்ளைகளின் பள்ளி வேன், குத்தகைப் பாக்கி, மாமாவின் மாத்திரை, கரண்ட் பில். டிசம்பரிலிருந்து மார்ச் வரை வரும் என்று நம்பக்கூடிய வருமானத்தை எழுதி, அதிலிருந்து இதைக் கழிப்போம். மிஞ்சுவது கிறிஸ்துமஸுக்கு. சில வருடம் அது நன்றாகவே இருக்கும், சில வருடம் சின்னதாக இருக்கும். சின்னதாக இருந்தாலும் ஒரு நிம்மதி உண்டு, கடையில் நின்றுகொண்டு யோசிக்க வேண்டியதில்லை.

இதில் பிள்ளைகளையும் உட்கார வைக்கிறோம். பெரியவள் ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் வருத்தப்படுவார்கள் என்று பலர் சொல்வார்கள். நான் பார்த்தவரை தெரியாமல் இருப்பதுதான் அவர்களுக்குப் பயம். அப்பாவும் அம்மாவும் அடுக்களையில் குரலைத் தாழ்த்திச் சண்டை போடுவது பிள்ளைகளுக்கு நன்றாகவே கேட்கும்.

கடன் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் கஷ்டத்தில் பாதி இதுதான். 20ஆம் தேதி வாக்கில் வட்டிக்குக் கொடுப்பவர்கள் வீடு தேடி வருவார்கள். நூற்றுக்கு மூன்று வட்டி என்று சாதாரணமாகச் சொல்வார்கள். 20,000 ரூபாய் வாங்கினால் மாதம் 600. கேட்க ஒன்றும் பெரிதாகத் தெரியாது. அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு போனால் அடுத்த டிசம்பரில் 7,200 ரூபாய் போயிருக்கும், 20,000 அப்படியே நிற்கும். அதே தொகைக்கு வங்கியில் நகையை வைத்து ஆண்டுக்கு 9 சதவீதத்தில் எடுத்தால் வட்டி மாதம் 150. தனியார் நகைக்கடன் கடைகளில் வட்டி இதைவிடக் கூடுதலாக இருக்கும், பல இடங்களில் தவணை தள்ளத் தள்ள விகிதமும் ஏறும். எனவே கையெழுத்துப் போடும் முன் ‘ஆண்டுக்கு எத்தனை சதவீதம், மூன்று மாதம் கழித்து எத்தனை’ என்று கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்க வேண்டும். பண்டிகைச் சாப்பாட்டுக்கும் துணிக்கும் நகையை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆஸ்பத்திரிக்கோ பள்ளிக்கோ என்றால் அது வேறு.

சீட்டுப் பிடிப்பது இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. கேரளத்தில் அதைச் சிட்டி என்பார்கள். அங்கே 1969 முதல் அரசு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. நடத்துகிறது. எல்லைக்கு அந்தப்புறம் பாறசாலையில் இருக்கும் என் அம்மா வீட்டில் அப்பா காலத்திலிருந்தே அதில்தான் போடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் பண்டிகைச் சீட்டு என்று தெருவில் ஒருவர் நோட்டில் எழுதி வாரா வாரம் வாங்குவார். என் கூட்டுக்காரி ஒருத்தியின் குடும்பம் அப்படிப் போட்டு வந்த பணம் ஒரு டிசம்பர் முதல் வாரத்தில் காணாமல் போனது. சீட்டு நடத்தியவர் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். கையில் அட்டை தவிர வேறு ஒன்றும் இல்லை. 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி, சீட்டைத் தொடங்கும் முன்பே பதிவாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். நடத்துபவர் எடுக்கும் கமிஷனுக்கும் வரம்பு உண்டு, 2019 திருத்தத்துக்குப் பிறகு அது 7 சதவீதம். பதிவு எண்ணைக் காட்டச் சொன்னால் முகம் சுளிப்பவரிடம் ஒரு வாரக் காசு கூடக் கொடுக்கக் கூடாது.

நாங்கள் வங்கியில் ஆர்.டி. போடுகிறோம், மாதா மாதம் ஒரே தொகை கட்டும் சேமிப்பு. இதில் ஒரு சின்ன நுணுக்கம்: புத்தாண்டுத் தீர்மானம் என்று ஜனவரியில் 12 மாத ஆர்.டி. தொடங்கினால் அது அடுத்த ஜனவரியில்தான் முதிரும், பண்டிகை போய்விடும். டிசம்பர் முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும். செலவுக்கு நடுவில் அந்த முதல் தவணை கொஞ்சம் கடிக்கும். ஆனால் அடுத்த டிசம்பர் முதல் வாரத்தில் பணம் சரியாகக் கைக்கு வரும். மாதம் 500 என்றாலும் 6,000 ரூபாயும் கொஞ்சம் வட்டியும். தபால் நிலைய ஆர்.டி. 5 வருடத்துக்கானது. மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், நல்லதுதான், ஆனால் வருடாந்திரப் பண்டிகைக்கு அது தோதுப்படாது.

லாட்டரியையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. களியக்காவிளையைத் தாண்டி இஞ்சிவிளைக்குப் போனால் கேரள அரசின் கிறிஸ்துமஸ் - புத்தாண்டு பம்பர் கிடைக்கும். சமீப வருடங்களில் ஒரு சீட்டு 400 ரூபாய், முதல் பரிசு 20 கோடி. பால் வெட்டுகிறவர்கள் கூட்டாகச் சேர்ந்து கட்டுக் கட்டாக வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். 400 ரூபாய் ஒரு பிள்ளையின் துணிக்கான தையல் கூலி. எங்கள் வீட்டில் அது வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம், அவரும் அதில் உறுதியாக இருக்கிறார்.

துணி விஷயத்தில் தையல்காரியாகச் சில வார்த்தை. நல்ல விலைக்கு வேண்டும் என்றால் கோட்டாறு திருவிழாவுக்கு முன்பே துணி எடுத்துவிடுங்கள். மார்த்தாண்டத்தில் எடுத்தாலும் சரி, திருவனந்தபுரத்தில் ‘சாலை’ என்ற கடைத்தெருவுக்குப் போய் எடுத்தாலும் சரி. 20ஆம் தேதிக்குப் பிறகு கூட்டத்தில் நின்று எடுக்கும் துணியில் தேர்வே இருக்காது, கிடைத்ததைச் சொன்ன விலைக்கு வாங்குவோம். வளரும் பிள்ளைகளுக்குத் தைக்கக் கொடுக்கும்போது ஓரத்தில் இரண்டு விரற்கடை உள்ளே மடித்து விடச் சொல்லுங்கள், அடுத்த வருடம் பிரித்து விடலாம். அம்மாவின் கல்யாணப் பட்டிலிருந்து மகளுக்குப் பாவாடை தைப்பதை நான் மிகவும் விரும்பிச் செய்வேன். லைனிங் துணிச் செலவு மட்டும்தான், அதைப் போட்டுக்கொண்டு வரும் பிள்ளையைக் கோயிலில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

எனக்கு டிசம்பரில் வேலை அழுத்தம் மிக அதிகம். ராத்திரி இரண்டு மணி வரை மிஷினை மிதிக்கும் நாட்கள் உண்டு, இடுப்பும் கண்ணும் போய்விடும். அதைச் சமாளிக்க ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். டிசம்பர் 12க்குப் பிறகு தைக்கத் துணி வாங்குவதில்லை என்று நவம்பரிலேயே எழுதி ஒட்டிவிடுவேன். பாதிக் கூலி முன்பணம். காஜாவும் ஓவர்லாக்கும் பக்கத்து ஊர்ப் பெண்ணிடம் கொடுத்துவிடுவேன், அவளுக்கும் டிசம்பரில் காசு வேண்டுமே. கடைசி நேரத்தில் ‘ஒரே ஒரு ரவிக்கைதான் மைனி’ என்று வருபவர்களிடம் முடியாது என்று சொல்வது கஷ்டம்தான். முகம் பார்த்து ஒத்துக்கொண்டால் 24ஆம் தேதி ராத்திரி ஆராதனைக்கு நான் போக முடியாது. அந்த ஆராதனையை யாருடைய ரவிக்கைக்காகவும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

பலகாரம் பெண்களின் இன்னொரு பாரம். முந்திரிக்கொத்து, அச்சப்பம், முறுக்கு, வட்டயப்பம் எல்லாம் வேண்டும், எல்லாம் ஒரே ஆள் செய்ய வேண்டும், அதுவும் கடைசி இரண்டு நாளில் என்றால் பண்டிகை அன்று அந்த ஆள் காய்ச்சலில் படுத்திருப்பாள். எங்கள் பக்கத்து மூன்று வீடும் சேர்ந்து முறை வைத்துச் செய்கிறோம். முந்திரிக்கொத்து பல நாள் கெடாமல் இருக்கும், சிறுபயறு வறுத்துப் பொடித்து வெல்லப் பாகில் உருட்டுவது, அதை முதல் சனிக்கிழமை ஒரு வீட்டில். அச்சப்பமும் முறுக்கும் அடுத்த வாரம் இன்னொரு வீட்டில். வட்டயப்பம் மறுநாளே புளிக்கும், அது 24 அன்று மட்டும். எண்ணெயும் தேங்காயும் பொதுவில் வாங்கிக் கணக்கைப் பங்கு போட்டுக்கொள்வோம். ஒரே எண்ணெய்ச் சட்டி, மூன்று வீட்டுப் பலகாரம் என்பதால் வீணாகும் எண்ணெயும் குறைவு. ஆண்கள் தேங்காய் உடைப்பதும் மாவு இடித்துக் கொண்டு வருவதும் பாத்திரம் கழுவுவதும். முதல் வருடம் மட்டும் முணுமுணுத்தார்கள், அப்புறம் பழகிவிட்டது.

வெளியூரில் இருப்பவர்கள் வருவதற்கும் முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருக்கிறது. ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 60 நாளாகக் குறைந்துவிட்டது. டிசம்பர் 23 அன்று சென்னையிலிருந்து கிளம்ப வேண்டுமானால் அக்டோபர் 24 காலையில் டிக்கெட் எடுக்க வேண்டும். என் தம்பி சென்னையில் இருக்கிறான். அனந்தபுரி எக்ஸ்பிரஸில் குழித்துறையில் வந்து இறங்குவான். அந்தத் தேதியை நான்தான் போனில் ஞாபகப்படுத்துவேன். தவறவிட்டால் ஆம்னி பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசில் இங்கே ஒரு வீட்டின் கறிச் செலவே முடிந்துவிடும்.

எந்த வீட்டில் பண்டிகை என்பதில் வரும் மனக்கசப்பு பணக் கஷ்டத்தைவிட அதிகம் வலிக்கும். நாங்கள் 25 அன்று மாமி வீட்டில், 26 மத்தியானத்துக்கு மேல் பாறசாலையில் என்று வைத்திருக்கிறோம், வருடா வருடம் பேரம் பேசுவதில்லை. வளைகுடாவில் இருக்கும் என் மைனி, வீட்டுக்காரருடைய அக்கா, லீவில் வந்தால் எல்லாருக்கும் வாரி வாரிக் கொடுப்பார். அதற்கு ஈடாகத் திருப்பிச் செய்ய எங்களால் முடியாது. ஒருமுறை நேராகவே சொல்லிவிட்டேன்: “மைனி, நீங்க தாறது சந்தோசம். எங்களால அவ்வளவு செய்ய ஒக்காது, அதுல உங்களுக்கு வருத்தம் வரக் கூடாது.” அவர் அழுதுவிட்டார். அங்கே தனி அறையில் கிறிஸ்துமஸ் அன்றும் டூட்டி பார்த்த வருடங்களைப் பற்றிச் சொன்னார். திரும்பிப் போகும்போது அவர் கேட்பது மார்த்தாண்டம் தேன் ஒரு குப்பியும் என் கையால் தைத்த இரண்டு நைட்டியும். இப்போது அதுதான் எங்கள் கைமாறு.

துக்கம் பற்றிப் பேசாமல் எங்கள் பக்கத்து டிசம்பரைப் பேச முடியாது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் காலை, குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி கரைகளைச் சுனாமி அடித்தது. பண்டிகைத் துணியைக் கூட மடித்து வைக்காத வீடுகள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. அந்த டிசம்பரில் அந்த ஊர்களில் நட்சத்திரம் தொங்கவில்லை. அந்தக் கரையிலிருந்து எனக்குத் துணி கொண்டு வரும் அம்மாமார் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இன்றும் 26 அன்று காலை கல்லறைக்குப் போய்விட்டுத்தான் சாப்பிடுவார்கள்.

என் அம்மாவும் ஒரு நவம்பரில் இறந்தார். அந்த வருடம் எங்கள் வீட்டில் பலகாரம் சுடவில்லை, ஸ்டார் போடவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து வாழையிலையில் சுற்றி முந்திரிக்கொத்து வந்தது. வந்தவர்கள் யாரும் ‘பண்டிகை நாளில் அழாதே’ என்று சொல்லவில்லை. உட்கார்ந்து அம்மாவைப் பற்றிப் பேசினார்கள். துக்க வீட்டுக்கு நாம் செய்யக்கூடியது அதுதான், போக வேண்டும், இறந்தவர் பேரைச் சொல்லிப் பேச வேண்டும், கொஞ்சம் சாப்பிட வைக்க வேண்டும். கேரல் வரும் பிள்ளைகளிடமும் சொல்லி வைத்தால் அந்த வீட்டில் கொட்டு மேளத்தை அடக்கி, ஒரு பாட்டும் ஒரு ஜெபமுமாக முடித்துக்கொள்வார்கள். எங்கள் சபைப் பிள்ளைகள் அப்படித்தான் செய்கிறார்கள்.

உடம்பைப் பற்றி: மாமாவுக்குச் சர்க்கரை. பண்டிகை வாரத்தில் வீடு வீடாக கேக் வரும், அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அவருக்குச் சாப்பாட்டை நேரத்துக்குக் கொடுத்துவிட்டால் இனிப்பில் கை போவது குறைகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் விடுமுறைக்கு முன்பே மாத்திரை வாங்கி வைத்துக்கொள்வோம். குடியைப் பற்றிச் சொல்வதானால், பண்டிகை என்ற பேரில் தொடங்கி ஜனவரி வரை இழுக்கும் வீடுகள் இங்கே நிறைய. பெண்கள் அதை வெளியே சொல்லாமல் மறைத்துச் சிரித்துக்கொண்டு பரிமாறுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். கணவர் போதையில் இருக்கும்போது பணத்தைப் பற்றிப் பேச வேண்டாம். செலவுக்கான காசை முன்பே பிரித்து நம்பிக்கையானவரிடம் கொடுத்து வைக்கலாம். அடி விழும் என்று தோன்றினால் பிள்ளைகளோடு எங்கே போவது என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

மனம் தாங்கவில்லை என்றால் 14416. மத்திய அரசின் டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கியது, காசு கிடையாது, இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். எங்கள் ஊரில் ஒரு பையன் கடன் தொல்லையில் சாப்பிடாமல் அறையை விட்டு வெளியே வராமல் இருந்தபோது அவனுடைய அக்கா அந்த எண்ணுக்குத்தான் கூப்பிட்டாள். அவனைப் பேச வைப்பது எப்படி என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், அப்புறம் அரசு ஆஸ்பத்திரிக்கு வழிகாட்டினார்கள். கூப்பிடுவது கஷ்டப்படுகிறவராகவே இருக்க வேண்டியதில்லை, கூட இருப்பவரும் கூப்பிடலாம்.

ஜனவரி முதல் வாரத்தில், நட்சத்திரத்தை இறக்கித் துடைத்து வைத்த பிறகு, அதே நோட்டை எடுத்து உண்மையில் எவ்வளவு ஆனது என்று எழுதுகிறோம். எதற்குக் கொடுத்த காசு சந்தோஷம் தந்தது, எதற்குக் கொடுத்தது வெறும் பேருக்காக என்று ஆளாளுக்குச் சொல்வோம். போன முறை பிள்ளைகளே வெடிச் செலவை வெட்டிவிட்டார்கள். அந்தக் காசில் மாமிக்குக் கண் பரிசோதனை செய்து கண்ணாடி வாங்க வேண்டும் என்று சின்னவன் சொன்னான். மாமி வேண்டாம் என்றார், நாங்கள் எழுதிவிட்டோம்.